மத்தியானத்துக் குரல்கள்

சாத்தனூரணியில் போன பெண்கள் பேச ஆரம்பித்தது மாசி மாதத்து மத்தியானம் ஒன்றில். பால்வாடியில் பருப்புச்சாதமும் முட்டையும் முடிந்து, பிள்ளைகளுக்கு வாய் துடைத்து, பாய் விரித்து, ஆளுக்கொரு பக்கமாகப் படுக்கப்போட்டுவிட்டு, ஆயா ஆவுடத்தாய் அண்டா கழுவப் போயிருந்தாள். முதலில் பேசியவள் வீரலட்சுமி. பேசிய வாய் அவள் மகன் தருணுடையது. நாலு வயதுப் பையன். கண் மூடியிருந்தது, வாயில் வைத்திருந்த கட்டைவிரல் நழுவிக் கன்னத்தில் கிடந்தது, உதடு மட்டும் அசைந்தது. குரலோ கல்யாணமாகிக் குடும்பம் நடத்துகிற பொம்பளையின் குரல், சற்றே மூக்கால் பேசுகிற, ஊரில் எல்லாருக்கும் தெரிந்த அதே குரல். "உளுந்து ஊறப்போட்டிருந்தேனே, யாராச்சும் ஆட்டுனீகளா, இல்ல அப்படியே புளிச்சுப் போச்சா?" என்று அது கேட்டது.

டீச்சர் சுப்புத்தாய் வண்ணக் காகிதம் வெட்டிக்கொண்டிருந்த கத்தரியைக் கீழே வைத்தாள். ஆவுடத்தாய் ஈரக்கையோடு வாசலில் வந்து நின்றாள். கொஞ்சநேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு அந்தப்புறமிருந்து விசாரித்தால் எப்படிச் சொல்வாளோ அப்படியே பதில் சொன்னாள்: "அன்னைக்கே ஆட்டியாச்சு தாயி. கேதம் கேக்க வந்தவுகளுக்கு எங்க வீட்டுல இட்லி ஊத்துனோம்."

"அப்பச் சரி," என்றது குரல். தருண் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டான்.

தை மாதக் கடைசியில், ஓடைக்கு அந்தப்பக்கம் இருந்த பட்டாசு செய்கிற ஆபீஸில் மருந்து வெடித்து, ஒரே அறையில் உட்கார்ந்து திரி வைத்துக்கொண்டிருந்த ஏழு பெண்கள் போனார்கள். போனார்கள் என்றுதான் ஊர் சொன்னது, செத்தார்கள் என்று சொல்ல யாருக்கும் நாக்கு வரவில்லை. ஏனென்றால் துணியில் கட்டிக் கொண்டுவந்து இறக்கிய மூட்டைகளில் எது யார் என்று எவராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை, முகம் பார்த்து மாரடிக்க முகம் இல்லை, மடியில் போட்டு அழ உடம்பு இல்லை, குழி வெட்டிப் பேர் சொல்லி மண்ணைத் தள்ளியதோடு சரி. அவர்களில் ஐந்து பேருடைய பிள்ளைகள் பால்வாடிக்கு வருகிறவர்கள். அந்த ஐந்தில் ஒன்று மகிழினி, மூன்றரை வயது, சுப்புத்தாயின் தங்கச்சி சண்முகக்கனியின் மகள். கனி சின்னப்பிள்ளையாக இருக்கும்போதே தாயில்லாமல் போனதால் சுப்புத்தாய்தான் அவளை இடுப்பில் தூக்கி வளர்த்து, சடை பின்னி, பள்ளிக்கூடம் அனுப்பி, மாப்பிள்ளை பார்த்துக் கட்டிக்கொடுத்தது. கட்டியவன் போர்வெல் லாரியில் வேலைக்கென்று வடக்கே போனவன் அங்கேயே ஒரு குடும்பம் பார்த்துக்கொண்டான். அக்காவும் தங்கச்சியும் பிள்ளையுமாக ஒரே வீட்டில் இருந்தார்கள். இப்போது அக்காவும் பிள்ளையும் இருந்தார்கள்.

மறுநாள் மத்தியானம் மகிழினியும் பேசினாள்.

"அக்கா," என்றது கனியின் குரல். "புள்ளைக்கு நெஞ்சுல சளி கட்டியிருக்கு. மூச்சு கர்ருங்குது, கேக்கலையா ஒனக்கு? கற்பூரவள்ளி எலைய வாட்டிச் சாறு எடுத்துக் குடு."

சுப்புத்தாய் பாயில் முழங்காலிட்டுக் குனிந்தாள். பிள்ளையின் நெற்றியில் வேர்த்திருந்தது. "குடுக்கேன் கனி," என்றாள். "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டாள். குரல் சிரித்தது.

அந்த வாரம் முடிவதற்குள் ஐந்து பிள்ளைகளும் பேசினார்கள். ராத்திரியில் பேசவில்லை, பகலெல்லாம் பாடுபட்டவர்கள் ராத்திரியில் அசந்து தூங்குவது இங்கேபோலத்தான் அங்கேயும் இருக்கும் என்று ஊர் சொல்லிக்கொண்டது. மத்தியானம், சோறு தின்ற மயக்கத்தில் பிள்ளைகள் கண் அயர்ந்த கொஞ்சநேரம்தான் பேச்சு. அந்தக் கொஞ்சநேரத்தைச் சுற்றி ஊர் தன் வேலைகளை மாற்றி அடுக்கிக்கொண்டது. காட்டு வேலைக்குப் போகிறவர்கள் விடியுமுன்னே போய் உச்சிக்கு முன்னால் திரும்பினார்கள், தீப்பெட்டி ஆபீஸில் சாப்பாட்டு மணியை முன்னால் தள்ளி அடித்தார்கள், டீக்கடைக்காரர் சத்தம் கேட்கக்கூடாதென்று பால் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தார், அரிசி மில் நின்றது, மினி பஸ் டிரைவர் ஊர் எல்லையிலேயே ஹாரனை நிறுத்திக்கொண்டான். பால்வாடியின் இரண்டு ஜன்னலிலும் ஆட்கள் நின்றார்கள், வாசற்படியில் நின்றார்கள், வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள், யார் முன்னால் யார் பின்னால் என்று ஒரு ஒழுங்கு வந்துவிட்டது, சண்டையும் வரவில்லை.

மருமகளை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிடாத ஒரு மாமியார்க்காரி வந்து பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, வேறெதுவும் பேசாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனாள். ஒருத்தியின் அண்ணன் வந்து, சின்ன வயசில் அவளைக் கிணற்றில் தள்ளிவிட்டது யாரென்று கேட்டு, நீதான் என்று பதில் வாங்கிச் சிரித்து, சிரித்தபடியே அழுதான். பட்டாசு ஆபீஸிலிருந்தும் ஒருவர் வந்தார். செருப்பைக் கழற்றாமல் தூரத்திலேயே நின்று, அன்றைக்கு அறைக்குள் என்னதான் நடந்தது, யார் கைதவறி எதைப் போட்டது என்று கேட்கச் சொன்னார். கேட்டார்கள். அந்த ஒன்றை மட்டும் கேட்டால் ஐந்து வாயும் மூடிக்கொண்டன, பிள்ளைகளின் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. கொஞ்சம் பொறுத்து ஒரு குரல், கொடியில் காயப்போட்ட துணியை எடுத்தாச்சா என்று விசாரித்தது. அவர் கார் ஏறிப் போய்விட்டார்.

தாய் உயிரோடிருக்கிற பிள்ளைகள் பேசவில்லை. அவர்கள் பாட்டுக்குத் தூங்கி எழுந்தார்கள். ஆனால் மற்ற ஆபீஸ்களில் வேலைக்குப் போகிற பெண்கள், லீவு நாளில் தங்கள் பிள்ளையைப் படுக்கப்போட்டுப் பக்கத்திலேயே காதை வைத்துக்கொண்டு காத்திருக்கப் பழகினார்கள். பிள்ளை வாயிலிருந்து ஒன்றும் வராவிட்டால், இன்னும் இருக்கிறோம் என்று எழுந்து வேலையைப் பார்த்தார்கள்.

லாரியில் மூட்டை ஏற்றி இறக்குகிற சோலையப்பன் ஒருநாளும் தப்பாமல் வந்தான். வீரலட்சுமி இருந்த காலத்தில் நாளைக்குப் பத்து வார்த்தை பேசாத மனுஷன். இப்போது மகன் தலைமாட்டில் சப்பணம்கூட்டி உட்கார்ந்து, காலையில் எங்கே லோடு, யார் ஏசினான், குழம்பில் உப்பு கூடிவிட்டது, முதுகு பிடித்துக்கொண்டது என்று ஒன்றுவிடாமல் சொன்னான். வீரலட்சுமி "ம்" கொட்டினாள். "கோடாலித் தைலம் அலமாரி மேல் தட்டுல இருக்கு தருண் அப்பா," என்றாள். அவன் போய்ப் பார்த்தான், இருந்தது, மறுநாள் வந்து, "இருந்துச்சு லட்சுமி," என்றான். இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்க்கக் கூசிச் சுப்புத்தாய் அந்தப்பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அவளுக்கும் அந்த நேரம் வேண்டியிருந்தது. காலையில் எழுந்ததிலிருந்து தங்கச்சியிடம் சொல்வதற்கென்று விஷயங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டே நடந்தாள். கனி பேசுவாள். ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைக்கச் சொல்வாள், எதிர்வீட்டுக் கோழி முட்டையிட நம்ம வீட்டுக்கு வருகிறதா என்பாள், பாட்டு ஒன்றை முணுமுணுத்துவிட்டு அடுத்த வரி மறந்துபோச்சு என்பாள்.

பிள்ளைகள் கலைந்து எழும்போதுதான் அவளுக்கு மனசு நெருடியது. ஐந்து பேரும் தொண்டை வறண்டு எழுந்தார்கள், ஆளுக்கொரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்கள், குடித்துவிட்டு மூலையில் போய்ச் சாய்ந்தார்கள். அது ஏன் இது ஏன் என்று ஆளைப் பிய்த்தெடுத்த தருண், வர வர எதையும் கேட்கவில்லை. காக்கா என்று படத்தைக் காட்டினால் மற்ற பிள்ளைகள் காக்கா என்று கத்தும், இந்த ஐந்தும் பார்த்துக்கொண்டிருக்கும். வீட்டிலும் அவர்களை முழித்திருக்க விடவில்லை. ஊரே மடியில் போட்டு ஆட்டியது, தொட்டில் வயசைத் தாண்டிவிட்ட பிள்ளைக்கும் மறுபடி தொட்டில் கட்டினார்கள், தூக்கம் வரக் கசகசா அரைத்துப் பாலில் கலக்கினார்கள். லீவு நாளில் சொந்தக்காரர் யாராவது வெளியூரிலிருந்து வந்தால், பிள்ளையைத் தூங்கவைத்துக் காட்டினார்கள்.

பங்குனி பிறந்து, பள்ளிக்கூடத்துக்காரர்கள் ஆண்டுவிழாவுக்குத் தயாராகிக்கொண்டிருந்த சமயம், மகிழினியைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டுக்கொண்டே சுப்புத்தாய் வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்: "தங்கப் புள்ள, ஒம் பேரென்ன?"

"சண்முகக்கனி," என்றாள் பிள்ளை. முழித்துக்கொண்டு, கண்ணைத் திறந்துகொண்டு, தன் சின்னக்குரலில் சொன்னாள்.

சுப்புத்தாய் சிரிக்கப் பார்த்தாள். "அது அம்மா பேரு. ஒம் பேரு?"

பிள்ளை யோசித்தாள். நெடுநேரம் யோசித்தாள். பவுடர் டப்பாவைப் பார்த்தாள், பெரியம்மாவின் வாயைப் பார்த்தாள், அங்கே எங்கேயாவது அந்தப் பேர் இருக்குமா என்று தேடுகிற மாதிரி. பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த வாரத்தில்தான் சூப்பர்வைசர் ஹெலன் மேடம் வந்தார். சித்திரையில் எல்லா மையத்திலும் பிள்ளைகளுக்குக் கோடைக் கொண்டாட்டம் நடத்த வேண்டும், என்னென்ன செய்யப் போகிறோம் என்று திட்டம் போட்டுச் சுவரில் ஒட்ட வேண்டும், பாட்டு, கதை, களிமண், வர்ணம் எதுவானாலும் பிள்ளைகள் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்றார். சாப்பாட்டு நேரம்வரை இருந்தார், பிள்ளைகள் தூங்கும்போதும் இருந்தார், பேசுவதைக் கேட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போகும்போது, "மத்தியானத் தூக்கத்த அப்படியே வச்சுக்குங்க டீச்சர், அதுல யாரும் கை வைக்கச் சொல்லமாட்டாங்க," என்றார்.

மாலையில் பிள்ளைகள் போனபிறகு சுப்புத்தாய் பெரிய வெள்ளை அட்டையைத் தரையில் விரித்து உட்கார்ந்தாள். ஆவுடத்தாய் எதிரே காலை நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். முதல்நாள் ஊரணிக் களிமண்ணில் சட்டி பானை செய்வது, அப்புறம் பீட்ரூட்டும் மஞ்சளும் அரைத்து வர்ணம், ஒருநாள் இலை பொறுக்குவது, ஒருநாள் கிடையில் ஆட்டுக்குட்டி பார்க்கப் போவது, ஒருநாள் தண்ணீர் விளையாட்டு, நடுவே பொம்மலாட்டம், கடைசி நாள் ஊரைக் கூப்பிட்டுப் பிள்ளைகளை ஆடவைப்பது. சுப்புத்தாய் சொல்லச் சொல்ல ஆவுடத்தாய்க்கே ஆசையாக இருந்தது.

"சோறு தின்ன பெறகு?" என்று கேட்டாள்.

சுப்புத்தாய் ஸ்கெட்ச் பேனாவை மூடினாள். "தூக்கம் கெடையாதுக்கா. மத்தியானம் பூராவும் முழிச்சு வெளையாடணும்."

ஆவுடத்தாயின் கையிலிருந்த கீரை அப்படியே நின்றது. "டீச்சர், அது ஊரே கேக்குற நேரம்."

"தெரியும்."

"கனியும்தான பேசுறா."

"தெரியும்க்கா." மூடிய பேனாவை அட்டைமேல் வைத்தாள். "நேத்து எம்புள்ளைக்குத் தன் பேரு தெரியல."

மறுநாள் வேப்பமரத்தடியில் ஊரைக் கூட்டி இதைச் சொன்னபோது யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும். மாமியார்க்காரி, "தூங்குற புள்ளைய எழுப்புறது பாவமில்லையா தாயி," என்று மட்டும் கேட்டாள். சோலையப்பன் எழுந்து நின்றான்.

"டீச்சர், நான் நாள் பூராவும் மூட்ட தூக்குறேன். எனக்குன்னு இருக்கிறது அந்தக் கொஞ்ச நேரம். அதையும் புடுங்குனா நான் எங்க போயி நிக்க?"

"தருண் ஒங்ககிட்டப் பேசி எத்தன நாளாச்சு சோலையப்பன்?"

"தெனமும்தான் பேசுறான்."

"அது லட்சுமி. தருண் பேசி?"

அவன் மகனைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டான். "பெத்திருந்தா ஒங்களுக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு நடந்தான். கூட்டத்தில் யாரோ 'ச்சீ' என்றார்கள். சுப்புத்தாய் கீழே கிடந்த வேப்பம்பூவைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பால்வாடியைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த சில நாள் தருண் வரவில்லை. சோலையப்பன் லோடுக்கும் போகவில்லை. கசகசாப் பாலைக் கொடுத்துக் கொடுத்து மகனைத் தூங்கவைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, காலையிலும் பேசினான், மத்தியானத்திலும் பேசினான், சாயங்காலமும் பேசினான். வீரலட்சுமிக்கும் அவ்வளவு நேரம் சொல்ல என்ன இருக்கிறது? உப்புப் புளியெல்லாம் சொல்லி முடித்து, சொந்தபந்தமெல்லாம் விசாரித்து முடித்து, அவள் சும்மா கிடந்தாள், இவன், "லட்சுமி, இருக்கியா?" என்று கேட்பான், அவள், "இருக்கேன்," என்பாள். கடைசியில் அவளே சொன்னாள்: "தருண் அப்பா, புள்ள நாக்கு கட்டையாக் காஞ்சு கெடக்கு. என்னால உள்ளேயிருந்து தண்ணி குடுக்க முடியல. போதும். எழுப்பி விடுங்க."

எழுப்பினான். பையன் எழவில்லை. உலுக்கினான், முகத்தில் தண்ணீர் அடித்தான், கண் பாதி திறந்து வெள்ளையாய்ச் செருகியது. வெயிலில் செருப்பில்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பால்வாடிக்கு ஓடிவந்தான். சுப்புத்தாயும் ஆவுடத்தாயும் மினி பஸ்ஸை மறித்து ஏறினார்கள். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி, பொழுது சாயும்போது தருண் கண் திறந்தான். சோலையப்பன் குனிந்து, "அய்யா, ஒம் பேரென்னய்யா?" என்று கேட்டான்.

பையன் அவனைப் பார்த்தான். "வீரலட்சுமி," என்றான்.

சோலையப்பன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். "டீச்சர்," என்றான், "ஒங்க திட்டத்துல என்னென்ன போட்டிருக்கீக? எனக்கும் ஏதாவது வேல குடுங்க."

ஊர் சம்மதித்தது. ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்துவது தர்மமில்லை என்றும், போனவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்றும் பேசி முடிவு செய்தார்கள். சித்திரை பிறக்குமுன் ஒரு மத்தியானம் ஊர் மொத்தமும் வந்து உட்கார்ந்தது. பிள்ளைகள் தூங்கினார்கள். யார் சொல்வது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, எல்லா முகமும் சுப்புத்தாயிடம் வந்து நின்றன. அவள் மகிழினியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கனி."

"சொல்லுக்கா."

"சித்திரையில புள்ளைகளுக்குக் கோடைக் கொண்டாட்டம் வைக்கோம். மத்தியானமும் வெளையாட்டுத்தான். படுக்கப்போட மாட்டோம்." பிள்ளையின் நெற்றி முடியை ஒதுக்கினாள். "அதுக்குப் பெறகும் படுக்கப்போடுறதா இல்ல, புள்ளைக பேச்சு அதுகளுக்குத் திரும்புற வரைக்கும்."

ஜன்னலில் நின்றவர்களில் ஒருத்தர் கம்பியை விட்டுவிட்டு விலகிப் போனார்.

"அப்ப நான் எங்கக்கா போக?" என்று கேட்டாள் கனி.

"தெரியலையேம்மா," என்றாள் சுப்புத்தாய். தங்கச்சியின் கையைப் பிடிக்க நினைத்துப் பிள்ளையின் கையைப் பிடித்தாள், அது சின்னதாக, வேர்வையாக, நகம் வெட்டவேண்டியதாக இருந்தது. "ஒன்ன விட்டுட்டு எனக்கு யாருடீ இருக்கா? ஆனா இவளுக்குத் தன் பேரு மறந்துபோச்சு கனி. கேட்டா ஒம் பேரச் சொல்றா."

நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. போய்விட்டாள் என்று நினைத்தார்கள். பிறகு அந்தக் குரல், உள்வீட்டில் ஏதோ வேலையாக இருந்துவிட்டு வந்ததுபோல, மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தது.

"என்ன வெளையாட்டெல்லாம் வச்சிருக்க?"

சுப்புத்தாய் சொன்னாள். களிமண், வர்ணம், இலை, ஆட்டுக்குட்டி, தண்ணீர், பொம்மலாட்டம்.

"மண்ண ரெண்டு நாளா வையி," என்றாள் கனி. "ஒரு நாள் அவளுக்குக் காணாது. மொத நா தொடவேமாட்டா, அசிங்கம்பா. ரெண்டாம் நா நீ எழுப்புனாலும் எந்திரிக்க மாட்டா."

அப்போது தருண் வாய்வழியாக வீரலட்சுமி சேர்ந்துகொண்டாள். "எம்மவனுக்கு எடுத்த எடுப்புல தண்ணிய ஊத்திராதீக டீச்சர். பயந்துருவான். மொதல்ல கால மட்டும் நனைக்கச் சொல்லுங்க. அவுக அப்பாவ ஆனையாக்கி முதுகுல ஏத்திவிட்டா ஊரணி வரைக்கும்கூடப் போயிருவான்." மூன்றாம் பாயிலிருந்து ஒருத்தி, என் மகள் கூட்டத்தில் பாடமாட்டாள், கதவுக்குப் பின்னால் நிறுத்திப் பாடவிடுங்கள் என்றாள். இன்னொருத்தி, ஆட்டுக்குட்டியைக் காட்டினால் வீட்டுக்கு வேண்டுமென்று புரளுவான், அப்போது அடிக்காமல் தூக்கிக்கொள்ளுங்கள் என்றாள். ஐந்தாவது குரல் கொஞ்சம் வெட்கத்தோடு, மத்தியானம் கண் சொக்கும் நேரத்தில் வெல்லத்தைத் தட்டிப் போட்ட எலுமிச்சைச் சாறு கொடுத்தால் என் பிள்ளை முழித்துக்கொள்வாள், நான் அப்படித்தான் கொடுப்பேன் என்றது. சுப்புத்தாய் அட்டையில் எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். வெளியே இருந்தவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்து, தண்ணீர்த் தொட்டியை நான் கொண்டுவருகிறேன், மண் நான் வெட்டித் தருகிறேன் என்றார்கள். கல்யாண வீட்டில் இருபக்கத்துச் சனமும் கூடி உட்கார்ந்து காரியம் பேசுவதுபோல், இருக்கிறவர்களும் போனவர்களும் அந்தப் பாய்களைச் சுற்றி உட்கார்ந்து ஐந்து பிள்ளைகளின் கோடையைத் திட்டம் போட்டார்கள். பிள்ளைகள் புரள ஆரம்பித்தபோது குரல்கள் அவசர அவசரமாகப் பேசின, ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன, கடைசியாக யார் என்ன சொன்னார் என்று பிரித்துச் சொல்ல ஒருவராலும் முடியவில்லை.

கொண்டாட்டம் தொடங்கிய நாட்கள் கொடுமையாக இருந்தன. சோறு இறங்கியதும் ஐந்து தலையும் ஆடும், கண் செருகும், உதடு அசைய ஆரம்பிக்கும். ஊரே பாய்ந்து வந்து கைதட்டும், தகர டப்பாவைத் தட்டும், எலுமிச்சைச் சாறு கொடுக்கும். உதட்டிலிருந்து பாதி வார்த்தை வந்து நிற்பதை எல்லாரும் கேட்டார்கள். ஒருநாள் மகிழினி மண்ணோடு மண்ணாகச் சாய்ந்து, "அக்கா..." என்று கனியின் குரலில் தொடங்கினாள். சுப்புத்தாய் அவளை வாரித் தூக்கி முகத்தில் தண்ணீரைத் தெளித்தாள். அந்த 'அக்கா'வுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று அவள் அன்றைக்கு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள், அதற்கப்புறமும் நினைத்துக்கொண்டிருப்பாள்.

முதல்நாள் மண்ணைத் தொடாத பிள்ளை இரண்டாம் நாள் முழங்கைவரை அப்பிக்கொண்டாள். சோலையப்பன் வேட்டியை வரிந்துகட்டி, நாலு காலில் நின்று, துண்டைத் தும்பிக்கையாக்கி ஆனையானான். தருண் ஏறினான், கீழே இறங்கமாட்டேன் என்றான், ஊரணிப் படியில் கால் நனைத்தான். கதவுக்குப் பின்னால் நின்று ஒரு பிள்ளை பாடியது. ஆட்டுக்குட்டிக்காக ஒருவன் புரண்டான், யாரும் அடிக்கவில்லை. தருண் ஒரு காலையில், "ஆனைக்கு ஏன் மீசை?" என்று கேட்டான். சோலையப்பன் வேப்பமரத்துக்குப் பின்னால் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, ஆனைக்கு ஏன் மீசை என்பதை விளக்கமாகச் சொன்னான். மகிழினி தன் பேரைச் சொன்னாள், ஒருமுறை சொல்லிவிட்டு நிறுத்தாமல் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள்.

கடைசி நாள் பிள்ளைகள் ஆடிப் பாடி முடிக்க உச்சி தாண்டிவிட்டது. சோறு போட்டார்கள். ஆடிய களைப்பில் எச்சில் கையோடு ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. தடுக்க யாருக்கும் தெம்பில்லை, தடுக்க வேண்டுமென்றும் அன்றைக்குத் தோன்றவில்லை. மகிழினி சுப்புத்தாயின் மடியிலேயே தூங்கிப்போனாள். ஊர் அடங்கியது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த ஐந்து வாயையும் பார்த்தார்கள்.

மூச்சு வந்தது, போனது. ஒன்று குறட்டைவிட்டது. இன்னொன்று பல்லை நறநறவென்று கடித்தது. வெயில் ஜன்னலிலிருந்து பாய்க்கு நகர்ந்தது.

சோலையப்பன்தான் தாங்கமாட்டாமல் குனிந்து, "லட்சுமி," என்றான். இன்னொருமுறை, "லட்சுமி, இருக்கியா?" என்றான்.

"ஆனை... எந்திரி ஆனை," என்றான் தருண் தூக்கத்தில், நாலு வயதுக் கீச்சுக்குரலில், அந்தப்பக்கம் புரண்டான்.

அப்போதுதான் மாமியார்க்காரி நெஞ்சில் அறைந்துகொண்டு ஒரு குரல் எடுத்தாள். பக்கத்தில் இருந்தவள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவளை இன்னொருத்தி கட்டினாள். தை மாதத்தில் முகமில்லாததால் யாராலும் அழ முடியாமல் போன அழுகையை, பட்டப்பகலில், காகிதத் தோரணம் கட்டிய பால்வாடிக்குள் வட்டமாக உட்கார்ந்து, ஏழு பேரையும் பேர் சொல்லிப் பேர் சொல்லி அழுதார்கள். ஆம்பளைகள் வெளியே போய்த் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தார்கள். கனியின் பேர் வந்தபோது சுப்புத்தாய்க்குள் ஏதோ அறுந்தது. மடியில் பிள்ளை இருப்பதையும் மறந்து வாய்விட்டு அலறினாள்.

மகிழினி முழித்துக்கொண்டாள். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. அழுகிற பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள், பெரியம்மாவையும் பார்த்தாள்.

"பெரிம்மா, யாரு செத்துப்போனா?"

சுப்புத்தாய் மூக்கைத் துடைத்தாள்.

"ஒங்கம்மா," என்றாள்.

பிள்ளை வாசல் பக்கம் பார்த்தாள். "எப்ப வருவா?"

"வரமாட்டா கண்ணு."

கீழுதடு மெல்லப் பிதுங்கியது. வந்த குரல் வேறு யாருடையதும் இல்லை, கரகரத்து, விக்கி, மூன்றரை வயதின் முழு பலத்தோடும் வந்தது. ஆவுடத்தாய் தண்ணீர்ச் சொம்போடு ஓடிவந்தாள். "டீச்சர், புள்ள தேம்புது, ஏதாச்சும் பராக்குக் காட்டுங்க, வெளிய தூக்கிட்டுப் போங்க."

சுப்புத்தாய் தலையை ஆட்டினாள். "அழட்டும்க்கா."

பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்தாள். வட்டத்திலிருந்த இரண்டு பேர் விலகி இடம் விட்டார்கள். அங்கே போய் இருவரும் உட்கார்ந்தார்கள்.